வாரன் ஜீவன் அடுத்த வாரமே இறக்கவில்லை

அமெரிக்க ராக் பாடகர் வாரன் ஜீவன் (Warren Zevon), டேவிட் லெட்டர்மேன் நடத்திய தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சிக்கு வந்துவிட்டுப் போன அடுத்த வாரமே இறந்துவிட்டார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த நிகழ்ச்சி 2002 அக்டோபர் 30 அன்று ஒளிபரப்பானது. அவர் இறந்தது 2003 செப்டம்பர் 7 அன்று. நடுவில் பத்து மாதங்களுக்கு மேல் இருக்கிறது.

நுரையீரல் உறையைத் தாக்கும் புற்றுநோய் அவருக்கு. மூன்று மாதம்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். உடம்பை முடக்கிப் போடக்கூடிய சிகிச்சைகளை மறுத்துவிட்டு, 'தி விண்ட்' ஆல்பத்தைப் பாடி முடித்தார். 2003 ஆகஸ்டில் அது வெளியானபோது உயிரோடுதான் இருந்தார். அந்த ஜூனில் இரட்டைப் பேரன்கள் பிறந்ததையும் பார்த்தார். ஒரே வாரம் என்று சுருக்கினால் இத்தனையும் காணாமல் போகிறது. அவருடைய ரசிகனாக எனக்கு அது வலிக்கிறது.

லெட்டர்மேன் நிகழ்ச்சியில் அன்று அவர் மட்டும்தான் விருந்தினர், முழு நிகழ்ச்சிக்கும். அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். வாழ்வையும் சாவையும் பற்றி இப்போது என்ன புரிந்தது என்று லெட்டர்மேன் கேட்டபோதுதான், ஒவ்வொரு சாண்ட்விச்சையும் ரசித்துச் சாப்பிட வேண்டும் என்றார். அப்புறம் மூன்று பாடல்களும் பாடினார். அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தாலும் உறுதியாக இருக்கும்.