சாலமாண்டரைச் சொல்லுங்கள், நம்ம கடல் அட்டையையும் காட்டுங்கள்

அண்ணன் மகன் ஏழாவது படிக்கிறான். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தை, சாலமாண்டர்ல பாதிக்கு மேல நுரையீரலே இல்லையாமே, அப்புறம் எப்படி உயிரோட இருக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் அது தவளைக்குச் சொந்தம். நுரையீரல் இல்லாத வகைகளுக்குத் தோலும் வாய்க்குள் இருக்கும் சவ்வும்தான் மூச்சுக்கு வழி. தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். ஈரம் இருக்கும்வரை காற்று அதில் கரைந்து உள்ளே போகும். தோல் காய்ந்தால் மூச்சு போச்சு.

"அதைப் பார்க்க முடியுமா?" என்றான். நம்ம ஊரில் ஏது? இந்தியாவில் சாலமாண்டர் கூட்டத்தில் எதையாவது பார்க்க டார்ஜிலிங் மாதிரி இமயமலைப் பக்கம் போக வேண்டும்.

அங்கேதான் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இதைவிட அதிசயமாக மூச்சு விடும் பிராணி நம்ம தென்கடலில் மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

கடல் அட்டை என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை இல்லை, வெள்ளரிக்காய் மாதிரி நீண்டு கிடக்கும் கடல் பிராணி. அது மூச்சு வாங்குவது பின்பக்கத்தால். ஆசனவாய் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. உடம்புக்குள் இரண்டு பக்கமும் மரக்கிளை போலப் பிரிந்த உறுப்பு இருக்கிறது, தண்ணீர் அதற்குள் போய் நிறையும், அங்கேதான் ஆக்சிஜன் உடம்பில் சேரும். பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடும். சில வகை அட்டைகளில் அதே வாசல் வழியாக ஒல்லியான ஒரு மீன் உள்ளே போய்க் குடியிருக்கிறது!

இதை நான் முதலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். எனக்கு எட்டு வயதிருக்கும், முழங்கால் தண்ணீரில் நிறுத்திவைத்து, "அசையாம நில்லு, அந்த மணலைப் பாரு" என்றார். வெள்ளை அட்டை ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன் பின்முனை பூ மாதிரி மெல்லத் திறந்தது, மூடியது, திறந்தது. திடீரென்று தண்ணீர் பீறிட்டு, பக்கத்து மணல் புகையாகக் கிளம்பியது. "அதுக்கு அங்கதான் மூக்கு" என்றார் அம்மா. நுனிமூச்சில் வேலை செய்கிற மனுஷி, அடுத்த உயிரின் மூச்சைக் கவனித்து வைத்திருந்தார்.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சிலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். சிரிக்கட்டுமே! சிரித்த பாடம் மறக்காது. கடல் அட்டை என்றாலே கடத்தல், கைது என்ற செய்தி மட்டும்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. 2001-இல் இருந்து அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை. சரி, சட்டம் இருக்கட்டும். எதற்காகக் காக்கிறோம் என்பதும் தெரிய வேண்டாமா? மணலைத் தின்று, அதில் மக்கிக் கிடப்பதைச் செரித்து, சுத்தமான மணலைத் திருப்பித் தருகிற பிராணி அது. ஆசிரியர்கள் சாலமாண்டர் பாடத்தன்று ஒரு பத்து நிமிஷம் இதற்கும் ஒதுக்குங்கள். பாசி எடுக்கும் அம்மாக்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இந்த ஞாயிறு சாயங்காலம் அப்பத்தா அவனைக் கரைக்குக் கூட்டிப் போகிறார். தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். எத்தனை தடவை இழுத்து எப்போது விடுகிறது என்று எண்ணி, நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.