பாட்டி விளக்குக்கு 130 வெள்ளி 80 காசு

தங்கை கல்யாணத்துக்கு மண்டப அலங்காரம் செய்கிறவர்களிடமிருந்து இன்று மாலை வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. மூன்றாவது முறையாகத் திருத்திய கொட்டேஷன். ஒவ்வொரு திருத்தத்திலும் தொகை ஏறுமே தவிர இறங்காது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதைப் பற்றி நான் பேச வரவில்லை. பதினாறாவது வரியில் ‘அவுட்சைட் ஐட்டம் – குத்துவிளக்கு 1 – 120.00’ என்று இருந்தது. 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 130 வெள்ளி 80 காசு. (சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.)

அது எங்கள் விளக்கு. எங்கள் பாட்டி 1962இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தபோது, அடி தனியாக, தண்டு தனியாக, தட்டு தனியாகக் கழற்றி, சேலைகளுக்கு நடுவில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நாச்சியார்கோயில் விளக்கு. உச்சியில் அன்னம் இருக்கும். அந்த அன்னத்தின் மூக்கு தேய்ந்தே போய்விட்டது, அத்தனை வெள்ளிக்கிழமை துலக்கியிருக்கிறார்கள். அதை என் தங்கையின் மணவறைக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றுவதற்கு நான் இன்னொருவருக்குப் பணம் கட்ட வேண்டுமாம்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் போன மாதம்தான் பதிவுத் திருமணம் செய்தார்கள். 21 நாளுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்தார்கள், கட்டணம் 42 வெள்ளி. சிங்கப்பூர்ச் சட்டப்படி இரண்டு பேரைக் கணவன் மனைவி ஆக்க 42 வெள்ளி. அதையே மூன்று தடவை செய்தாலும் 126 வெள்ளிதான் ஆகும். ஒரு பித்தளை விளக்கைத் தரையில் வைக்க அதைவிட அதிகம். இந்தக் கணக்கை மாலையிலிருந்து எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ, ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

உடனே அந்த அலங்காரக்காரர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. படி ஏறும்போதே ‘கோபப்படக் கூடாது, தம்பி வயசுப் பையன், பொறுமையாகப் பேச வேண்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

“தம்பி, இந்தப் பதினாறாவது வரி என்ன?”

“அது அவுட்சைட் ஐட்டம் அக்கா. நம்ம செட்டப்ல இல்லாத பொருளை நீங்க கொண்டு வந்தா அந்தச் சார்ஜ்.”

“குத்துவிளக்கு உங்க செட்டப்ல இல்லையா?”

“இருக்குக்கா. எங்க விளக்கு ஒரு ஜோடி 60 வெள்ளி.”

கவனியுங்கள். அவர்கள் விளக்கு இரண்டு, வாடகை 60. எங்கள் விளக்கு ஒன்று, நாங்களே தூக்கி வந்து, நாங்களே எண்ணெய் ஊற்றி, நாங்களே திரி போட்டு, நாங்களே திரும்பத் தூக்கிக்கொண்டு போவதற்கு 120. அந்த ஜோடியையும் காட்டினான். ஃபைபர். ரோஸ் கோல்டு பெயிண்ட். சுடர் இருக்க வேண்டிய இடத்தில் பல்பு. கீழே சுவிட்ச். “இது ரொம்பப் பாதுகாப்பு அக்கா, அணையவே அணையாது” என்றான்.

சரி, எதற்காக 120 என்று கேட்டேன். கலர் தீம் கெடுகிறதாம், போட்டோவில் பித்தளை மஞ்சளாகத் தெரியுமாம். பித்தளை மஞ்சளாகத்தான் தம்பி தெரியும். அப்புறம் ‘கோ-ஆர்டினேஷன்’ வேலையாம். எந்த இடத்தில் வைப்பது என்று அவர்கள் ஆள் ஒருவர் முடிவு செய்ய வேண்டுமாம். மணவறையில் விளக்கை எங்கே வைப்பது என்று என் அப்பாவுக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும், வரப்போகும் 250 பேரில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்கு ஒரு ஆள், அவருக்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி.

அப்போதுதான் எனக்குக் குரல் ஏறியது. “அப்படின்னா மாலை? அது நாங்க கேம்பல் லேன்ல கட்டி வாங்கப் போறோம். அதுவும் அவுட்சைட் ஐட்டமா?”

அவன் கணினியில் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். “மாலை ஒரு ஜோடி வரைக்கும் ஓகே அக்கா.”

“தாலி?”

ஒரு விநாடி யோசித்தான். அந்த ஒரு விநாடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “இல்லக்கா, தாலி பெர்சனல் ஐட்டம். அதுக்குச் சார்ஜ் இல்ல.”

என்னால் பேச முடியவில்லை. தாலிக்குக் கட்டணம் இல்லை என்பதை ஒரு சலுகை மாதிரிச் சொல்கிறான். நான் நன்றி சொல்ல வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்க முடியாது. மண்டபத்தின் பட்டியலில் இருக்கும் அலங்காரக்காரர்தான் வர வேண்டும். வெளியாள் வந்தால் மண்டபத்துக்குத் தனியாக 500 வெள்ளி. மண்டபத்தை மாற்றலாம் என்றால் தேதி கிடைக்காது. ஆடியில் வைக்க முடியாது, மார்கழியில் வைக்க முடியாது, புரட்டாசி வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மிச்சமுள்ள மாதங்களில் முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரும் நாட்கள் எத்தனை என்று விரலில் எண்ணிவிடலாம். அதைத்தான் இவர்கள் எங்களுக்கு முன்னாலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். “ஆவணி டேட் அக்கா, இன்னொரு பார்ட்டி வெயிட் பண்றாங்க” என்று சொன்னபோது நானும் பயந்துபோய் 1,900 வெள்ளி முன்பணம் கட்டினேன். அப்போது இந்தப் பதினாறாவது வரி இல்லை.

அப்போது வாயால் சொன்ன தொகை 3,800. கொட்டேஷனில் அது 4,142 ஆகி வந்தது. 342 வெள்ளி வரி. அவர்களுடைய ஜிஎஸ்டி பதிவு எண்ணை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது, வரி வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விலையைச் சொல்லும்போதே, வாயால் சொன்னாலும் சரி, வரியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டலுக்கும் உணவகத்துக்கும்தான் அதில் விலக்கு. அலங்காரக்காரருக்கு இல்லை. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி “எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க அக்கா” என்றான்.

விலக்கு உள்ளவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? முதலில் ஒரு ஹோட்டலில் கேட்டோம். ஒரு ஆளுக்கு 28 வெள்ளி, பக்கத்தில் இரண்டு குட்டிக் கூட்டல் குறி. முதல் குறி 10 சதவீதம் சேவை, இரண்டாவது குறி அந்தச் சேவைக்கும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி. 250 பேருக்கு 7,000 என்று அப்பா மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார். வந்தது 8,393. அந்த இரண்டு குறிகளுக்குள் 1,393 வெள்ளி ஒளிந்திருந்தது. 31 வருடம் பஸ் ஓட்டிய மனிதர், ஒரு நாள்கூடச் சில்லறைக் கணக்கில் தவறாதவர், அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எங்கள் மொத்த பட்ஜெட்டே 18,000.

‘வாழ்க்கையில் ஒரு தடவைதானே அக்கா.’ இதைச் சொல்லாத ஆள் இல்லை. போட்டோக்காரர் சொன்னார், மேக்கப் போடும் பெண் சொன்னார், நாற்காலிக்கு உறை மாட்டுகிறவர் சொன்னார். உறை ஒன்றுக்கு மூன்றரை வெள்ளி, உட்காரப்போகிறவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார். ஒரு தடவைதான் என்பதால்தான் நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ய நினைக்கிறோம். ஒரு தடவைதான் என்பதால்தான் அவர்களும் இந்த விலை சொல்கிறார்கள். இரண்டாம் தடவை நாங்கள் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அப்பா அம்மா கல்யாணம் 1988இல் அங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் நடந்தது. சமையல் அங்கேயே, பெரிய அண்டாவில். பக்கத்துவீட்டுச் சித்தப்பாமார்கள்தான் பந்தி பரிமாறினார்கள். வாய்ட் டெக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமல்லவா? விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று மூன்றாம் மாடி மக்சிக் (மலாய்க்கார அத்தை) ஒரு சில்வர்த் தட்டை எடுத்து வந்து, தாலி கட்டி முடிக்கும்வரை மறைத்துப் பிடித்துக்கொண்டே நின்றாராம். இதே விளக்கு. ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது, மக்சிக்கின் கையும் தட்டும் மட்டும் ஓரத்தில் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் போட்டோ அதுதான். அதில் கலர் தீம் எதுவும் கிடையாது.

தங்கைக்கு வேண்டியதும் அந்த விளக்கு ஒன்றுதான். பாசி மணித் தோரணம் வேண்டாம் என்றாள், புகை வரும் மெஷின் வேண்டாம் என்றாள், பாட்டி விளக்கு போதும் என்றாள். மறக்க முடியாத கல்யாணம் என்று அவள் நினைப்பது அதைத்தான். எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்ததை எங்களுக்கே விலை போட்டு விற்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். “கொடுத்துத் தொலைச்சிடலாம்மா, நல்ல காரியம், சண்டை வேணாம்” என்றார். நான் கொடுக்க மாட்டேன். முன்பணம் கட்டிய நாளில் வந்த கொட்டேஷன் என்னிடம் அப்படியே இருக்கிறது, இந்த வரி அதில் இல்லை. நாளைக் காலை அதை இணைத்து எழுத்தில் அனுப்பப் போகிறேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சின்னத் தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, வக்கீலை அங்கே விடவும் மாட்டார்கள். 130 வெள்ளிக்கா போவாய் என்றால், ஆமாம், போவேன்.

ராத்திரி தங்கை வந்தாள். நடந்ததை முழுசாகச் சொன்னேன். தாலி வந்த இடத்தில் அவள் “சார்ஜ் இல்லையா, பரவாயில்லையே” என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து என்னடி என்று திட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் புளி கரைத்து விளக்கின் அன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மணி பன்னிரண்டேகால். மேல்வீட்டில் கோலிக்குண்டு உருட்டுகிறார்கள். பதினோரு வருடமாக உருட்டுகிறார்கள். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளே கிடையாது. யார்தான் அங்கே நடுராத்திரியில் கோலி விளையாடுவது?