தஞ்சாவூரில் காற்றடித்துவிட்டு கொடைக்கானலில் இறங்குபவர்களுக்கு

மலை இறக்கத்தில் சைக்கிள் ஓட்டும் டவுன்ஹில்லுக்கு, எடை குறைவு என்பதால் ஏர் ஃபோர்க்தான் (காற்றழுத்தத்தால் அதிர்வைத் தாங்கும் முன்சக்கரக் கவை) என்று ஒரு கட்டுரை முடிகிறது; அதை ஏற்க முடியவில்லை. இறக்கத்தில் அரைக் கிலோ பெரிய விஷயமே இல்லை. காற்றுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் உள்ள காயில் ஃபோர்க் சின்னக் கல்லுக்கும் உடனே அமுங்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் அதன் விறைப்பு மாறாது. ஆனால் உடல் எடைக்கேற்ற ஸ்பிரிங்கைத் தேடி வாங்கி மாட்ட வேண்டும். ஒரே சைக்கிளை அண்ணன் தம்பி மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு ஏர்தான் சரி, ஃபோர்க்கில் காற்றடிக்கும் ஷாக் பம்ப் ஒன்று இருந்தால் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், நம் டெல்டா வெயிலில் ஏர் ஃபோர்க்கில் அடித்த காற்றின் அழுத்தம் மலைக் குளிரில் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இறங்கிவிடும். மேலே போனதும் சைக்கிளில் ஏறி நின்று பாருங்கள்: மொத்தம் 200 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க் உங்கள் எடைக்குச் சுமார் 40 மி.மீ. அமுங்கினால் சரி, அதைத் தாண்டினால் காற்றடியுங்கள். சைக்கிளை ஒருவர் மட்டுமே ஓட்டுவதென்றால் தயங்காமல் காயில் ஃபோர்க் வாங்குங்கள்.