சுத்தம் சோறு போடும். பத்துப் புள்ளி போடுமா?

சுத்தம் சோறு போடும் என்று சொன்ன புண்ணியவானை ஒரே ஒரு முறை 50 மீட்டர் சுடுதளத்தில் என் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தைய இரவு என் .22 ரைபிளின் பேரலை, அதாவது குண்டு பாய்ந்து வரும் குழலை, துடைத்தேன். “அழுக்குத் துப்பாக்கியோடு போட்டிக்கு வருவாயா?” என்று சங்கத்து மூத்தவர் ஒருவர் கேட்டுவிட்டாரே! துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. துருப்பிடிக்கக் கூடாதென்று கடைசியில் எண்ணெய் வேறு.

காலையில் முதல் தோட்டா ஏழு புள்ளி. அடுத்தது எட்டு, அதுவும் நேர் எதிர்ப்பக்கம். மூன்றாவது மறுபடி ஏழு. இரண்டு நாள் முன்பு இதே துப்பாக்கியில் சுட்ட இதே பெட்டித் தோட்டாக்கள் ஒரு சட்டைப் பொத்தானளவு இடத்துக்குள் அடங்கின. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதில் இப்படி ஆடினால் என்ன செய்வது?

“காற்று” என்றார் ஒருவர். கொடி செத்த பாம்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “மூச்சு” என்றார் இன்னொருவர். நானும் புத்தி கெட்டுப்போய், குறி பார்க்கத் தந்த 15 நிமிடமும் டயாப்டரை (கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் துளையை) இப்படியும் அப்படியும் திருகினேன். புள்ளி எண்ணும் சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பேரல் தானாகவே அடங்கிவிட்டது! எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்தில், அழகாக, இடப்பக்கம் எட்டில். நான் திருகி வைத்த இடத்தில்!

முடிந்து எழுந்ததும் அந்த மூத்தவர் சாவகாசமாகச் சொல்கிறார்: “துடைத்த பேரல் பத்திருபது தோட்டா கேட்கும் தம்பி. அதுவரை டயாப்டரைத் தொடவே கூடாது.” இதை முந்தின நாள் சொல்ல வாய் வலித்ததா, ஐயா?

விஷயம் இவ்வளவுதான். .22 ஈயக் குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். சுடச்சுட அது குழலுக்குள் மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் ஒரே சீராக இருந்தால்தான் ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி வெளியேறும். நான் அதைச் சுரண்டி எடுத்ததோடு நிற்காமல் எண்ணெயும் தடவினேன். துப்பாக்கியைத் தோளில் தாங்கும் கட்டைக்கும் பேரலுக்கும் இடையே துடைக்கிறேன் என்று திருகாணிகளைக் கழற்றிக் கை வாக்கில் முறுக்கியது தனிக் கூத்து. அந்த இறுக்கம் மாறினாலே குண்டு விழும் இடம் மாறும். எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று இனி யார் பிரித்துச் சொல்வது? வீணாய்ப் போனதோ வெளிநாட்டிலிருந்து வருகிற தோட்டா. ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அதே மூத்தவர் ஒரு குப்பியோடு வந்தார். திறந்தால் அம்மோனியா வாடை. பேரலில் படிந்த செம்பைக் கரைக்கிற மருந்தாம். வெறும் ஈயக் குண்டு சுடுகிற துப்பாக்கியில் செம்பு எங்கே ஐயா இருக்கிறது?