சிலிக்கோன் ஸ்ப்ரே எல்லாக் கூடாரத்துக்கும் பொருந்தாது

கூடாரம் ஒழுகினால் வாஷிங் மெஷினில் துவைத்து, வெளிப்புறம் முழுவதும் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கூடாரத்தையும் பாழாக்கிவிடக்கூடிய யோசனை என்பதால் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான கூடாரங்களில் மழையை உண்மையில் தடுப்பது, மேல்விரிப்பின் (கூடாரத்தின் மேல் போர்த்தும் வெளித்துணியின்) உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலமே. வெளிப்பூச்சு, நீர் துணியில் ஊறாமல் முத்துமுத்தாக உருண்டோட மட்டுமே உதவுகிறது. ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் வைத்த கூடாரத்தில் அந்த உட்படலம் நீராற்பகுப்பால், அதாவது ஈரத்தோடு நடக்கும் வேதிவினையால், சிதைந்து, பிசுபிசுத்து, துர்நாற்றமடித்து, செதில்செதிலாக உரியும். அந்த நிலையில் வெளியே எத்தனை முறை ஸ்ப்ரே அடித்தாலும் பயனில்லை. உரிந்ததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தேய்த்தெடுத்து, நன்கு உலர்த்திய பிறகு, உட்புறத்திலேயே பாலியூரித்தேன் பூச்சை மெல்லியதாகப் பூச வேண்டும். படலம் முழுவதுமே கெட்டிருந்தால், புதிய மேல்விரிப்பு வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

மேலும், சிலிக்கோன் படிந்த துணியில் பாலியூரித்தேன் பூச்சும், தையல் வழியே நீர் கசியாமல் ஒட்டும் தையல் டேப்பும் பின்னர் சரியாக ஒட்டா. தையல் துளைகளை அடைக்கும் சிலிக்கோன் சீலன்ட், சிலிக்கோன் பூசிய நைலான் துணியின் தையல்களுக்குத்தான் பொருந்தும்.

வாஷிங் மெஷினின் சுழற்சி படலத்தையும் தையல் டேப்பையும் பிய்த்துவிடக்கூடும்; மென்மையான சோப்புக் கரைசலும் ஸ்பாஞ்சும் போதும். விடியற்காலையில் மேல்விரிப்பின் உட்புறம் மட்டும் நனைந்திருந்தால், அது பெரும்பாலும் நம் மூச்சின் ஈரம் குளிர்ந்து படிந்ததாகவே இருக்கும். அதற்குக் காற்றுவழிகளைத் திறந்துவைக்க வேண்டுமே தவிர, எந்தப் பூச்சும் தேவையில்லை.