ஆட்டிசம் பையனுக்கு எதற்கம்மா கொழுப்புப் பரிசோதனை?

நேற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மகனுக்கு ரத்தம் எடுக்கப் போன இடத்தில் நடந்ததை எழுதியிருந்தேன். அந்தப் பணியாளர் இப்படிக் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். “அவர் கேட்டதில் என்ன தவறு?” என்று இங்கே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தவறுதான். என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. கூடவே இதயமும் கணையமும் இருக்கின்றன.

34 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2023 ஜனவரியில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இதய நோய்க்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆட்டிசம்தான் சர்க்கரையைக் கொண்டுவருகிறது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பரிசோதித்துப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

“பிள்ளையின் சாப்பாட்டு விஷயத்தில் தாய் கண்டிப்புக் காட்ட வேண்டும்” என்று ஒரு அண்ணன் அறிவுரை சொல்லியிருக்கிறார். நன்றி அண்ணா. முருங்கைக்கீரையை நைசாக அரைத்துத் தோசை மாவில் கலந்தவள் நான். அதன்பின் ஒரு வாரம் அவன் தோசையையே தொடவில்லை. நாக்கில் பட்டதும் குமட்டுகிற பிள்ளையை எப்படிக் கண்டிப்பது என்றும் சொல்லியிருக்கலாம்.

கடும் எரிச்சலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் தணிக்க ரிஸ்பெரிடோன் மாத்திரை எடுக்கிறான். பக்கவிளைவாகப் பசியையும் எடையையும் கூட்டுகிற மருந்து. சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம், அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒரே வருடத்தில் பதினோரு கிலோ ஏறிவிட்டான். “மாத்திரையை நிறுத்திவிடுங்களேன்” என்பவர்கள் அவனுடைய இடது மணிக்கட்டைப் பார்த்ததில்லை. அவனே கடித்துக் கடித்து ஆறாமல் இருந்த புண், அந்த மாத்திரைக்குப் பிறகுதான் காய்ந்தது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தமாட்டேன்.

நடக்கவைக்கலாமே? நடக்கவைக்கிறேன். மாலை நேரத்துச் சில்வர் பீச் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே போகிறோம். அப்போதும் நின்று திரும்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள்.

இரண்டு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்தோம். புஜத்தில் கைக்குட்டையைக் கட்டுவேன், அவன் இருபது வரை எண்ணுவான், அவிழ்ப்பேன். நேற்றும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து, கையை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். பதினான்கு வந்தபோது அந்த மனிதர், “பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும், பிறகு வாருங்கள்” என்று பட்டையை உருவிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கைக்குட்டையை அவனே எடுத்துவந்து கையை நீட்டினான். பதினைந்திலிருந்து தொடங்கினான்.

திங்கட்கிழமை வேறு இடத்துக்குப் போகிறோம். மறுபடியும் வெறும் வயிற்றில்.