மே மாதம் கினிப் பன்றி வாங்காதீர்கள்

பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசை வந்துவிடுகிறது. யூடியூபில் கினிப் பன்றி (பேர்தான் பன்றி, எலி இனத்துச் சின்னப் பிராணி) வீடியோ பார்த்துவிட்டு அப்பா சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாவும் மதுரைக்குப் போன வேலையோடு ஒரு ஜோடியை அட்டைப் பெட்டியில் போட்டு, மத்தியான பஸ்ஸில் கொண்டுவந்து இறக்குகிறார். ஆனி பிறக்கும்போது அந்தப் பெட்டி பல வீடுகளில் காலியாகிவிடுகிறது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் இரண்டு வளர்க்கிறேன். ஆகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கடற்கரைக்கு அது ஒத்துவர வேண்டுமானால் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் பாடுபட வேண்டும். அதைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வெயில். அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் பிராணி. அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக வீட்டில் வளர்க்கிறார்கள். பெருவில் இன்றைக்கும் கறிக்கு வளர்க்கிறார்கள். 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். 27, 28 தாண்டினாலே திணறத் தொடங்கும். நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "மதுரையில்தான் 40, இங்கே 35கூட வராதே, கச்சான் காற்று வேறு அடிக்கிறதே!" பாம்பனில் மே மாத ராத்திரிகூட 27 டிகிரி பக்கத்திலேயே நிற்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பகலில் பட்ட சூட்டை இறக்கிக்கொள்ள ராத்திரியில் நேரமே கிடைப்பதில்லை. கச்சான் நமக்கு இதமாக இருப்பது நமக்கு வியர்ப்பதால். கினிப் பன்றிக்கு வியர்க்காது. உடம்பு முழுக்க ரோமத்தோடு அந்த ஈரக்காற்றில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஆகவே தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொட்டை மாடி எதுவும் ஆகாது. ஓட்டு வீடோ ஓலைக் கொட்டகையோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. என் வீட்டில் வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒரு வாசல் உடைத்து, கூர் முனையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். மேலே ஈரச்சாக்கு. பதினோரு மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை சாக்கை நனைத்தால் போதும், இரண்டும் உள்ளே போய் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். கரண்டு போகிற நாளில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். கால் நீட்டிப் படுத்து, வாயில் எச்சில் வடிந்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது தூக்கமில்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்ற வேண்டும். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது தீனி. மனிதனைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சியைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். கிடைக்காவிட்டால் ஈறில் ரத்தம் கசியும், மூட்டு வீங்கி நடக்கவே யோசிக்கும். பல கடைகளில் முயல் தீவனத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "இதுவே போதும் சார்" என்கிறார்கள். முயலுக்கு வைட்டமின் சி அதன் உடம்பிலேயே ஊறும், அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. இதற்கென்றே வரும் தீவனத்திலும் நாளாக ஆக அந்தச் சத்து குறைந்துகொண்டே போகும். போதாததற்கு நம் கடல்காற்றில் வாய் திறந்த பாக்கெட் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும்.

குடைமிளகாய் ஒரு துண்டு, கொய்யாவில் ஒரு சின்னக் கீற்று, கொத்தமல்லித் தழை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். கொல்லையில் மரம் நிற்கிறதே என்று தினமும் முருங்கைக்கீரையை அள்ளிப் போடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரப்பையில் கல் சேரும். எப்போதாவது ஒரு கொத்து கொடுத்தால் தப்பில்லை.

இதெல்லாம் தொட்டுக்க மாதிரிதான். சோறு என்றால் புல்தான். பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை மென்று தேய்த்தால்தான் வாய் மூடும். மழைக்காலத்தில் வரப்பெல்லாம் அருகம்புல், கவலையில்லை. மாசி கழிந்தால் நம் மாவட்டத்தில் பச்சையாக நிற்பது சீமைக் கருவேலம்தான்! திருவாடானைப் பக்கத்து வைக்கோல் பல்லைத் தேய்க்கும், விரிப்புக்கும் ஆகும், ஆனால் சத்து கம்மி. ஆகவே கோடையில் காய்ந்த புல்லை ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. பிராணியின் விலையைவிட இந்தச் செலவுதான் கையைக் கடிக்கும்.

குறை இத்தனை சொன்ன பிறகும் நான் ஏன் வளர்க்கிறேன்? கீழக்கரையில் என்னோடு படித்தவன் வீட்டுக்குப் போனால் தெரியும். வீட்டுக்குள் நாய் வளர்க்காத குடும்பம். பேரப்பிள்ளைகளுக்காக வாங்கியது, இப்போது அவன் உம்மாவின் சொத்தாகிவிட்டது. அவர் அடுப்படியில் கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே போதும், கூடத்திலிருந்து "வீக், வீக்" என்று இரண்டும் விசில் அடிக்கத் தொடங்கும். "இந்தா வர்றேன் வாப்பா, கத்தாதீங்க" என்று அவர் காம்பைக் கிள்ளிக்கொண்டே பதில் சொல்வார். தழையைப் போட்டதும் நின்ற இடத்திலேயே உடம்பைத் திருகி ஒரு துள்ளு துள்ளும் பாருங்கள், அதற்குக் காசு கொடுக்கலாம்.

கடிப்பது அபூர்வம். எலி இனம்தான் என்றாலும் ராத்திரி முழுக்க உருட்டாது, பகலிலும் நம்மோடு விழித்திருக்கும். சுவர் ஏறாது, ஒரு அடி உயரத் தடுப்பே போதும். புழுக்கையை அப்படியே செடிக்குப் போடலாம். சட்டச் சிக்கலும் இல்லை. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் நம் ஊர்களில் கூண்டுக்கிளி குறைந்தபாடில்லை. அந்த ஆசைக்கு இது எவ்வளவோ மேல்.

தனியாக ஒன்றை வளர்க்கக் கூடாது, துணை இல்லாவிட்டால் சோர்ந்துவிடும். சுவிட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்ப்பதற்குச் சட்டத்திலேயே இடமில்லை. ஆனால் கடைக்காரர் "ஜோடி" என்று சொன்னால் ஆணும் பெட்டையும் என்று அர்த்தம். அங்கேதான் வம்பு. பெட்டை ஒரு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். பெட்டை ஏழெட்டு மாதம் வரைக்கும் குட்டி போடாமல் இருந்து, அதற்குப் பிறகு முதல் முறையாகச் சினையானால் இடுப்பெலும்பு விரியாமல் பிரசவத்திலேயே செத்துப்போகலாம். ஆகவே இரண்டும் பெட்டையாக வாங்குங்கள். முயலைத் துணைக்கு விடாதீர்கள். முயல் உதைக்கும், அதன் மூக்கிலிருக்கும் கிருமி இதற்கு நுரையீரலில் நோயாக இறங்கும்.

மீன்பிடி ஊர்களில் பூனை எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூண்டுக்கு மேல்மூடி கட்டாயம்.

வைத்தியம்தான் பெரிய பாடு. நம் கால்நடை மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழி பார்த்தே நேரம் போய்விடுகிறது. இதைப் பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடி மதுரைக்கு ஓட வேண்டிவரும். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலே அவசரம்தான், "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாது. தயவுசெய்து வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றாதீர்கள். நமக்குக் கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் அந்த மருந்து இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, பிராணியையும் கொன்றுவிடும். படர்தாமரை வந்தால் பிள்ளைகளுக்கும் ஒட்டும்; ஈரமான விரிப்பைத் தினமும் மாற்றினால் இந்தத் தொல்லை குறையும்.

இன்னொன்று, இது ஐந்து முதல் எட்டு வருஷம் வரை இருக்கும். எட்டாம் வகுப்பில் அழுது வாங்கிய பிள்ளை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விடும். அப்புறம் சாக்கு நனைப்பது யார் என்பதை வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் சரி என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். வாடைக்காற்றில் அது பழகும், அருகம்புல்லும் கிடைக்கும், வெயில் வருவதற்குள் உங்களுக்கும் கை பழகிவிடும். கொண்டுவரும்போது காலை முதல் பஸ், ஓட்டை போட்ட பெட்டி, உள்ளே ரெண்டு துண்டு வெள்ளரிக்காய்.

இதைப் படித்துவிட்டுக் குட்டி இருக்கிறதா என்று எனக்குப் போன் பண்ண வேண்டாம். என்னிடம் இருப்பது இரண்டும் பெட்டை.